வல்லரசுகள் எழுதிக்கொடுத்த உறுதி

1995ஆம் ஆண்டு மே மாதம் 11ஆந் திகதி, நியூயோர்க் நகரில், ஐக்கிய நாடுகள் சபையின் தலைமையகத்தில், அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கையைக் கால எல்லையின்றி நீடிக்கும் தீர்மானம் வாக்கெடுப்பின்றி நிறைவேறியது. 175 நாடுகள் பங்குகொண்ட அம்மகாநாட்டின் தலைமை ஆசனத்தில் அமர்ந்திருந்தவர் இலங்கையின் இராசதந்திரியான ஜயந்த தனபால. மாத்தளையைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் வந்தவர். அணுகுண்டு செய்யும் வலிமையோ, செய்தவரைத் தண்டிக்கும் வலிமையோ இல்லாத சிறு நாடொன்றின் உத்தியோகத்தர், உலகைப் பலமுறை சாம்பலாக்கவல்ல ஐந்து வல்லரசுகளிடமிருந்து எழுத்து மூலமான வாக்குறுதிகளைப் பெற்ற நிகழ்ச்சி அது.

நம் நாட்டிலே காணி கைமாறும்போது எழுதப்படும் பத்திரத்தை ‘உறுதி’ என்கிறோம். உறுதி முடித்துப் பணத்தையும் பெற்றுக்கொண்டவன் காணியை விட்டு விலக மறுப்பானாயின், வாங்கியவன் நீதிமன்றம் செல்லலாம். நீதிமன்றத்தின் கட்டளையை நிறைவேற்றப் பிஸ்கால் வருவார். 1995இல் உலக நாடுகள் வல்லரசுகளுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டன. அதற்கு ஈடாக வல்லரசுகள் எழுதிக்கொடுத்த உறுதி பெரும்பாலும் நிறைவேறாமற் கிடக்கிறது. அதனை நிறைவேற்றுவிக்கும் நீதிமன்றம் எது? பிஸ்கால் யார்? தனபாலவின் நாற்பதாண்டுப் பணியைப் பின்னோக்கிப் பார்க்கும் எவரும் இக்கேள்வியை விட்டு நழுவ முடியாது. ஒரு தனி மனிதரின் பெருமையைப் பாடுவதைவிட, அவருடைய வாழ்க்கையினூடாக இக்கேள்வியை ஆராய்வதே பயனுடைத்து.

ஆயுதத்தை யார் வைத்திருக்கலாம், யார் வைத்திருக்கலாகாது என்னும் பிரச்சினை மாத்தளைக்குப் புதியதன்று. 1848ஆம் ஆண்டு, தேசாதிபதி டொரிங்ரன் பிரபு கண்டி நாட்டு மக்கள்மீது சுமத்திய புதிய வரிகளுள் துப்பாக்கி வரியும் ஒன்று. காட்டு விலங்குகளிடமிருந்து பயிரைக் காப்பதற்குக் குடியானவன் வைத்திருந்த பழந்துப்பாக்கிக்கு அவன் ஆண்டுதோறும் அனுமதிப் பணம் கட்டவேண்டும் என்றது அரசாங்கம். கடை வரி, நாய் வரி, வீதி வேலைக் கட்டளை என்பனவும் அதனோடு சேர்ந்தன. அவ்வாண்டு யூலையில் தம்புள்ளையிலே கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டான். புரன் அப்புவின் தலைமையிற் சென்ற மக்கள் மாத்தளையைத் தாக்கினர். சில நாட்களுள் ஏகாதிபத்தியத்தின் துப்பாக்கிகள் கிளர்ச்சியை அடக்கின. இராணுவச் சட்டத்தின் கீழ்ப் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகத்து 8ஆந் திகதி கண்டியிலே புரன் அப்புவும் சுடப்பட்டான்.

உலகின் மிகப் பெரிய படைபலத்தைக் கையில் வைத்திருந்தவன், குடியானவன் தோளிற் கிடந்த துப்பாக்கி அமைதிக்குப் பங்கம் என்று வரி விதித்தான் என்பது இங்கே நோக்கற்பாலது. ஆயுதக் கட்டுப்பாடு என்ற சொல்லுக்குள் எப்பொழுதும் இந்த ஏற்றத்தாழ்வு ஒளிந்திருக்கிறது. யாருடைய ஆயுதம், யாருடைய கட்டுப்பாடு என்று கேட்டுப் பார்த்தால் அது வெளியே வரும்.

அணுவாயுதப் பரவல் தடை உடன்படிக்கையும் அத்தகைய ஏற்றத்தாழ்வின்மீது எழுந்ததேயாகும். 1968ஆம் ஆண்டு யூலை 1ஆந் திகதி கையொப்பத்துக்காகத் திறக்கப்பட்டு, 1970 மார்ச் 5இல் அது நடைமுறைக்கு வந்தது. 1967ஆம் ஆண்டு சனவரி முதலாந் திகதிக்கு முன் அணுகுண்டு வெடித்த நாடுகள் அணுவாயுத அரசுகள், ஏனையவை அல்ல. இந்த அளவுகோலின்படி அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரித்தானியா, பிரான்சு, சீனா ஆகிய ஐந்தும் ஒரு வரிசையிலும் உலகின் மற்றெல்லா நாடுகளும் மறு வரிசையிலும் நிறுத்தப்பட்டன. மற்றவை அணுகுண்டு செய்வதில்லையெனச் சத்தியம் செய்யவேண்டும். தங்கள் அணு உலைகளைச் சர்வதேசப் பரிசோதகருக்குத் திறந்துவிடவேண்டும். ஐந்து அரசுகளோ அணுவாயுதப் போட்டியை நிறுத்தவும் ஆயுதங்களைக் களையவும் நல்லெண்ணத்துடன் பேச்சுவார்த்தை நடத்துவதாக ஆறாவது பிரிவில் ஒப்புக்கொண்டன. எந்த ஆண்டுக்குள் என்று அப்பிரிவு கூறவில்லை.

இந்தியா இதனை ஏற்க மறுத்தது. உள்ளவனுக்கு ஒரு நீதி, இல்லாதவனுக்கு ஒரு நீதி என்ற அதன் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. இலங்கை 1968இல் முதல் நாளிலேயே கையொப்பமிட்டது, உறுதிப்படுத்தியது 1979இலேதான். எனினும், ஏற்றத்தாழ்வான அவ்வொப்பந்தத்தில் சிறிய நாடுகளுக்குக் கிடைத்த பிடி ஒன்று இருந்தது. 25 ஆண்டுகள் கழிந்தபின் மகாநாடொன்று கூடி, உடன்படிக்கையைக் கால எல்லையின்றி நீடிப்பதா, குறித்த காலத்துக்கு மட்டும் நீடிப்பதா என்று தீர்மானிக்க வேண்டும் என்கிறது பத்தாவது பிரிவு. குத்தகைக் காலம் முடியும் நாளிலேதான் நிலச்சொந்தக்காரனுக்குப் பேரம்பேசும் வலிமை வருகிறது. அந்த நாள் 1995இல் வந்தது.

அந்நாளில் தலைமை ஆசனத்துக்கு ஓர் இலங்கையர் எவ்வாறு வந்து சேர்ந்தார்? தற்செயல் என்று கூறிவிட முடியாது. அதற்கு ஒரு சரித்திரம் உண்டு.

1954ஆம் ஆண்டு கொழும்பிலே ஐந்து ஆசிய நாடுகளின் பிரதமர்கள் கூடினர். அமெரிக்கா பிக்கினித் தீவில் நடத்திய ஐதரசன் குண்டுப் பரிசோதனையின் சாம்பர், யப்பானிய மீனவர்மீது விழுந்து சில வாரங்களே கழிந்திருந்த காலம் அது. குண்டுப் பரிசோதனைகளை நிறுத்துக என்று அம்மகாநாடு குரல் கொடுத்தது. அடுத்த ஆண்டு பாண்டுங், 1961இல் பெல்கிரேட். 1971இல் இந்து சமுத்திரத்தைச் சமாதான வலயமாக்கும் பிரகடனத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றது. அதனை முன்னின்று கொண்டுவந்தது இலங்கை. அதற்காக உழைத்த இராசதந்திரிகளுள் ஷெர்லி அமரசிங்க முதன்மையானவர். 1976இல் அணிசேரா நாடுகளின் உச்சி மகாநாடு கொழும்பிற் கூடியது. அவ்வாண்டே அமரசிங்க பொதுச்சபையின் தலைவரானார். படைபலமற்ற நாட்டுக்குப் பேச்சும் எழுத்துமே படைக்கலம் என்பதை உணர்ந்த இராசதந்திர மரபு ஒன்று இங்கே வளர்ந்திருந்தது. தனபால அம்மரபின் பிள்ளை.

1938ஆம் ஆண்டு திசம்பர் 30ஆந் திகதி அவர் பிறந்தார். கண்டி திரித்துவக் கல்லூரியிற் கல்வி பயின்றார். பதினேழு வயதில், ‘நாம் விரும்பும் உலகம்’ என்ற பொருளில் நடந்த கட்டுரைப் போட்டியில் வென்று, 1957இல் நியூயோர்க்கிற் கூடிய உலக மாணவர் அரங்கிற்கு இலங்கையின் பிரதிநிதியாகச் சென்றார். பின்னர் பேராதனையில் ஆங்கில இலக்கியம் படித்துப் பட்டம் பெற்றார். 1965இல் இலங்கை வெளிநாட்டுச் சேவையிற் சேர்ந்தார். இலண்டனிற் சீன மொழி கற்றுப் பீக்கிங்கிற் பணியாற்றினார். வாஷிங்டனிலும் புதுதில்லியிலும் இருந்தார். 1984இல் செனீவாவில் ஐக்கிய நாடுகள் சபைக்கான இலங்கைத் தூதுவரானார். அங்கேதான் ஆயுதக் களைவு அவருடைய வாழ்க்கைப் பணியாயிற்று. 1987 முதல் 1992 வரை ஐக்கிய நாடுகள் ஆயுதக் களைவு ஆராய்ச்சி நிறுவகத்தின் பணிப்பாளராக விளங்கினார்.

இந்தப் படிக்கட்டில் ஏற முடியாதவரையும் இவ்விடத்தில் நினைக்கவேண்டும். மன்னாரிற் கரையிறங்கி, தம்புள்ளை வழியாக மாத்தளைக்குக் கால்நடையாய் வந்து, வழியிலே பேதியாலும் பசியாலும் மாண்டவர் போக எஞ்சியவர்களே மலைநாட்டின் கோப்பித் தோட்டங்களை உண்டாக்கினர். மாத்தளைத் தோட்டங்களிலே தனபாலவின் வயதையொத்த தமிழ்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் வளர்ந்தனர். 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் அவர்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. நாட்டின் பிரசையல்லாதவன் அந்நாட்டின் தூதுவனாகும் கனவையும் காணவியலாது. லயக் காம்பராவிலே பிறந்த பிள்ளை எவ்வளவு கூரிய அறிவுடையவனாயினும், வெளிநாட்டுச் சேவையின் பரீட்சை மண்டபத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டான். 1964ஆம் ஆண்டின் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் அம்மக்களைக் கேளாமலே அவர்களை இரு நாடுகளுக்கிடையிற் பங்கிட்டது. நாடற்ற நிலையை முற்றாக ஒழிக்கும் சட்டம் 2003இலேதான் வந்தது. உலக அரங்கிற் சமத்துவம் கோரிய இலங்கை, தன் மலைகளிலே சமத்துவத்தை மறுத்தது என்ற முரண்பாட்டைச் சரித்திரம் எழுதுவோர் மறைக்கலாகாது. இது தனபாலவின் தகுதியைக் குறைப்பதன்று. அந்தச் சேவை யாரையெல்லாம் இழந்தது என்பதைக் கணக்கிடுவதாகும்.

இனி 1995ஆம் ஆண்டு மகாநாட்டுக்கு வருவோம். ஏப்ரல் 17இல் அது தொடங்கியது. அமெரிக்காவும் அதன் நேச நாடுகளும் கால எல்லையற்ற நீடிப்பை விரும்பின. மகாநாட்டுக்கு முன்னரே தலைநகர் தோறும் தூதர்களை அனுப்பிச் சிறிய நாடுகளை வற்புறுத்தின. கனடா முன்வைத்த நீடிப்புத் தீர்மானத்துக்கு நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் கையொப்பமிட்டன. மறுபுறத்தில் இந்தோனேசியா முதலிய நாடுகள், 25 ஆண்டுக்கொருமுறை மீண்டும் ஆராய்ந்து நீடிக்கும் முறையே தகும் என்றன. பிடியை ஒரேயடியாக விட்டுவிட்டால் வல்லரசுகளை அசைக்க வேறு கருவி ஏது என்று கேட்டன. மகாநாடு நடந்துகொண்டிருந்தபோதே அணிசேரா நாடுகளின் பிரதிநிதிகள் பாண்டுங் நகரிற் கூடினர். நாற்பதாண்டுகளுக்கு முன் ஆசிய ஆபிரிக்க மக்களின் ஒற்றுமையை உலகுக்கு அறிவித்த அதே நகரில், இம்முறை ஒருமித்த முடிவு காணாமற் கலைந்தனர்.

வாக்கெடுப்பு நடந்திருப்பின் நீடிப்புத் தரப்பே வென்றிருக்கும். சாதாரணப் பெரும்பான்மையே போதுமானது. ஆனால் தோற்றவர்கள் மனக்கசப்புடன் விலகிச் சென்றால், எல்லா நாடுகளையும் பிணைக்க எழுந்த உடன்படிக்கை பாதி நாடுகளின் உடன்படிக்கையாய்ச் சுருங்கும். தனபால இதனை நன்கு உணர்ந்திருந்தார். பல்வேறு குழுக்களின் முக்கிய பிரதிநிதிகளைத் தலைவரின் ஆலோசனைக் குழுவென அழைத்து, மூடிய அறையில் நாட்கணக்காகப் பேசினார். அங்கே தென்னாபிரிக்கா கொண்டுவந்த யோசனை கைகொடுத்தது. தான் இரகசியமாகச் செய்து வைத்திருந்த ஆறு அணுகுண்டுகளைத் தானே அழித்துவிட்டு உடன்படிக்கையிற் சேர்ந்த நாடு அது. மண்டேலாவின் தலைமையில் அப்போதுதான் விடுதலை கண்டிருந்தது. அதன் சொல்லுக்கு எவரும் செவிசாய்த்தனர். நீடிப்பைக் கொடுப்போம், ஆனால் அதனுடன் வல்லரசுகளின் கடமைகளை எழுத்தில் வாங்குவோம் என்பதே அந்த யோசனையின் சாரம்.

அவ்வாறு பிறந்தவையே 1995இன் மூன்று தீர்மானங்கள். முதலாவது, ஐந்தாண்டுக்கொருமுறை நடக்கும் பரிசீலனையை வலுப்படுத்துவது. இரண்டாவது, ஆயுதக் களைவின் கோட்பாடுகளையும் குறிக்கோள்களையும் வகுப்பது. மூன்றாவது, கால எல்லையற்ற நீடிப்பு. இவற்றுடன் மத்திய கிழக்கை அணுவாயுதமும் ஏனைய பேரழிவு ஆயுதங்களும் அற்ற வலயமாக்கும் பிரேரணையும் இணைந்தது. அதனை முன்மொழிந்தவை அமெரிக்கா, ருஷ்யா, பிரித்தானியா என்னும் மூன்று அரசுகளே. நீடிப்புத் தீர்மானத்தின் வாசகம் கூர்ந்து வாசிக்கத்தக்கது. நீடிப்புக்குப் பெரும்பான்மை இருக்கின்றது என்பதைக் குறிப்பிட்டு, ஆதலின் உடன்படிக்கை தொடரும் என்று அது அமைந்தது. எதிர்த்தவர் கை உயர்த்தி ஆதரித்ததாகவும் ஆகாமல், தோற்கடிக்கப்பட்டதாகவும் ஆகாமல் காத்த வாசகம் அது. எனினும், தீர்மானங்கள் நிறைவேறிய பின்னர் மலேசியாவும் அரபு நாடுகள் பலவும் தமது அதிருப்தியைப் பதிவு செய்தன.

இத்தொழிலின் இயல்பை இங்கே அறிந்துகொள்கிறோம். ஆயுதக் களைவுத் துறையில் உயர்ந்த பதவி வகிப்பவரிடம் சேனை கிடையாது; கட்டளையிடும் அதிகாரமும் கிடையாது. எவர் எதற்கு அஞ்சுகின்றார், எவர் எந்தச் சொல்லை விழுங்குவார், எந்தச் சொல்லில் தடுக்கி விழுவார் என்பதை அறிந்து, அதற்கேற்பச் சொல்லைத் தேர்வதே அவருடைய வித்தை. மாத்தளைக்கு அண்மையிலுள்ள அலுவிகாரையிலே கி.மு. முதலாம் நூற்றாண்டில், போரும் பஞ்சமும் சூழ்ந்த காலத்தில், அதுவரை வாய்வழியே காக்கப்பட்டு வந்த திரிபிடகத்தைப் பிக்குகள் ஏட்டில் எழுதிவைத்தனர் என்பது மரபு. மனித நினைவை நம்பியிருக்க முடியாத காலத்தில் எழுத்தை நம்பினார்கள். வல்லரசுகளின் வாயை நம்ப முடியாதென்பதை அறிந்த தனபாலவும் எழுத்தையே நம்பினார்.

அந்த எழுத்துக்கு நேர்ந்த கதியைப் பார்ப்போம். தீர்மானம் நிறைவேறி நான்காம் நாள், மே 15இல், சீனா அணுகுண்டு வெடித்தது. செப்ரெம்பரிற் பிரான்சு பசிபிக் சமுத்திரத்தின் முருரோவாத் தீவிற் பரிசோதனைகளை மீண்டும் தொடங்கியது. 1996ஆம் ஆண்டுக்குள் முடிக்கப்படவேண்டும் என்று கோட்பாடுகளில் எழுதப்பட்ட முழுமையான அணுப் பரிசோதனைத் தடை உடன்படிக்கை, அவ்வாண்டு செப்ரெம்பரிற் கையொப்பத்துக்குத் திறக்கப்பட்டது உண்மை. ஆனால் 1999இல் அமெரிக்கச் செனற் சபை அதனை நிராகரித்தது. தான் முன்பு வழங்கிய உறுதிப்பாட்டை 2023இல் ருஷ்யா மீளப் பெற்றது. அவ்வுடன்படிக்கை நடைமுறைக்கு வரவேயில்லை. குண்டுக்கு வேண்டிய பிளவுறு மூலப்பொருள்களின் உற்பத்தியைத் தடுக்கும் பேச்சுவார்த்தை உடனடியாகத் தொடங்கும் என்று எழுதினார்கள். செனீவாவில் அது தேங்கிப் போயிற்று. மத்திய கிழக்கு வலயம் பற்றிய மகாநாடு முதன்முதலிற் கூடியது 2019இல். இஸ்ரேலும் அமெரிக்காவும் அதற்கு வரவில்லை. 1986ஆம் ஆண்டளவில் 70,000 வரை இருந்த அணுகுண்டுகள் 12,000 அளவுக்குக் குறைந்தன என்பதும் உண்மையே. ஆயினும் எஞ்சியவற்றை ஒழிப்பதற்கு மாறாக, அவற்றைப் புதுப்பிப்பதற்கே வல்லரசுகள் பெருந்தொகை செலவிடுகின்றன.

நம் அயலிலும் அதன் விளைவு தெரிந்தது. 1998 மே மாதத்தில் இந்தியா பொக்ரானிலும், பாக்கிஸ்தான் சாகாயிலும் குண்டுகளை வெடித்தன. வல்லரசுகள் தம் உறுதியைக் காப்பாற்றியிருந்தால் இவ்விரு நாடுகளும் குண்டு செய்திரா என்று அறுதியிட்டுக் கூற முடியாது. ஆயினும் மற்றவனுக்கு மறுப்பதைத் தான் வைத்துக்கொண்டிருக்கும் அரசு செய்யும் உபதேசம் செவியேறாது என்பதற்கு வேறு சாட்சியம் வேண்டியதில்லை. பட்டினியும் வேலையின்மையும் நிறைந்த இரு நாடுகள், தத்தம் மக்களின் உழைப்பைக் குண்டாக உருக்கி வார்த்தன.

அப்படியாயின் 1995இல் தனபால செய்தது தவறா? பிடியை விட்டுக்கொடுத்து வெறும் காகிதத்தை வாங்கினார் என்று கூறுவோர் உளர். அதே ஆண்டில் வாஷிங்டனில் இலங்கைத் தூதுவராகவும் அவர் இருந்தார் என்பதைச் சுட்டி, அமெரிக்க விருப்பத்துக்கு அவர் இசைந்தார் என்று ஐயுறுவோரும் இருக்கலாம். கணக்கைச் சரியாகப் போட்டுப் பார்க்கவேண்டும். பெரும்பான்மை ஏற்கெனவே நீடிப்பின் பக்கம் இருந்தது. தலைவர் எதுவுமே செய்யாதிருந்திருந்தால், வல்லரசுகள் வாக்கெடுப்பில் வென்று, ஒரு வரியும் எழுதிக்கொடாமலே நீடிப்பைப் பெற்றுச் சென்றிருக்கும். நடக்கப்போவதற்கு ஒரு விலையாயினும் வாங்கினார் என்பதே அவர் சாதனை. அவ்விலையைப் பின்னர் அறவிடாதது அவர் ஒருவரின் குற்றமன்று. அறவிடவேண்டிய நாடுகள் யாவும், நம் நாடும் உட்பட, தத்தம் அலுவல்களில் ஆழ்ந்துவிட்டன. கொடுத்த வாக்கை வல்லரசுகள் காவாதது குறித்துத் தனபாலவே பிற்காலத்தில் எழுதியும் பேசியும் வந்தார்.

எழுத்துக்குப் பயனே இல்லையென்பதும் சரியன்று. 1996 யூலையில் அணுவாயுதங்கள் பற்றிச் சர்வதேச நீதிமன்றம் தன் ஆலோசனைக் கருத்தை வழங்கியது. ஆயுதக் களைவுப் பேச்சுவார்த்தையைத் தொடங்குவது மட்டுமல்ல, அதனை முடித்துவைப்பதும் கடமை என்று நீதிபதிகள் ஏகமனதாகக் கூறினர். அந்நீதிமன்றத்தில் அமர்ந்திருந்த இலங்கையரான கிறிஸ்ரோபர் வீரமந்திரி இன்னும் ஒரு படி மேலே சென்றார். எந்தச் சூழ்நிலையிலும் அணுவாயுதப் பிரயோகம் சட்டவிரோதமே என்று தனித் தீர்ப்பு எழுதினார். உறுதியை எழுதுவித்தவரும் இலங்கையர். அதன் பொருளை நீதியின் மொழியில் விளக்கியவர்களுள் ஒருவரும் இலங்கையர். சிறிய நாட்டின் அறிவு உலகுக்குச் செய்யக்கூடிய தொண்டு எத்தகையது என்பதற்கு இவ்விரு செயல்களும் சான்று.

1998இல் ஐக்கிய நாடுகள் சபையின் ஆயுதக் களைவுத் திணைக்களம் மீண்டும் நிறுவப்பட்டபோது, அதன் பொறுப்பைத் துணைச் செயலாளர் நாயகம் என்ற பதவியில் தனபால ஏற்றார். அவ்வாண்டே ஈராக்கின் சனாதிபதி மாளிகைகளைப் பார்வையிடச் சென்ற விசேட குழுவுக்குத் தலைமை வகித்தார். அவருடைய கவனம் அணுகுண்டோடு நின்றுவிடவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. 1997ஆம் ஆண்டுக் குழப்பத்தின்போது அல்பேனியாவின் படைக்கலசாலைகள் சூறையாடப்பட்டு, இலட்சக்கணக்கான துப்பாக்கிகள் மக்கள் கைக்குச் சென்றிருந்தன. அங்கே கிராம்ஷ் என்னும் மாவட்டத்தில், துப்பாக்கியை ஒப்படைக்கும் ஊருக்கு வீதி முதலிய பொது வசதிகளைச் செய்துகொடுக்கும் திட்டம் வகுக்கப்பட்டது. பணத்துக்குத் துப்பாக்கியை வாங்கினால் அப்பணத்துக்கு வேறொரு துப்பாக்கி வாங்கப்படும். ஊருக்கு நன்மை செய்தால் ஊரே துப்பாக்கியை வெறுக்கும் என்பது அதன் அடிப்படை. 1848இன் துப்பாக்கி வரியை நினைவுகூர்வோர்க்கு இதன் வேற்றுமை நன்கு புலப்படும். அங்கே ஆயுதத்தோடு உழைப்பும் பறிக்கப்பட்டது. இங்கே ஆயுதத்துக்கு ஈடாக வாழ்வு தரப்பட்டது.

ஆனால் அவருடைய சொந்த நாட்டில் நடந்தது என்ன? அணுகுண்டு விழாத நாடு நம்முடையது. எனினும் துப்பாக்கியும் எறிகணையும் கண்ணிவெடியுமே இங்கே ஒரு தலைமுறையைத் தின்று தீர்த்தன. 2004இல் அரசாங்கத்தின் சமாதானச் செயலகத்துக்குத் தனபால பொறுப்பேற்றார். அவ்வாண்டு இறுதியிற் கடல் பொங்கிக் கரையோர மக்களை வாரிச் சென்றது. அத்துயரத்தின் நிவாரணத்தைப் பகிர்வதற்கான பொதுக் கட்டமைப்புங்கூட அரசியற் சண்டையிற் சிக்கிச் செயலற்றுப் போயிற்று. 2005 ஆகத்தில் வெளிநாட்டமைச்சர் இலட்சுமன் கதிர்காமர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். தனபாலவுக்கு முன்னர் அதே திரித்துவக் கல்லூரியிற் படித்த தமிழர் அவர். அடுத்த ஆண்டு போர் மூண்டது. 2009 மே மாதம்வரை அது எரித்ததை நம் மக்கள் அறிவர். 175 நாடுகளை ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவந்தவரால் இரு தரப்பை ஒரு மேசையில் நிலைக்கச் செய்ய முடியவில்லை. ஒரு மனிதரின் திறமையால் மட்டும் சமாதானம் வருவதில்லை. அதனை விரும்பும் அரசியலும் வேண்டும்.

மாத்தளையும் இதற்கு விலக்கன்று. 2012ஆம் ஆண்டு இறுதியில், மாத்தளை மாவட்ட வைத்தியசாலை வளாகத்தில் நிலத்தை அகழ்ந்தபோது 150க்கு மேற்பட்டோரின் எலும்புகள் வெளிப்பட்டன. 1980களின் இறுதியில் நடந்த கிளர்ச்சியிலும் அதனை அடக்கிய கொடுமையிலும் காணாமற்போனவரின் பெற்றோர், தம் பிள்ளைகளைத் தேடி அங்கு வந்து நின்றனர். எலும்புகள் எக்காலத்தன என்பதில் நிபுணர்களின் அறிக்கைகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. பெற்றோரின் கேள்விக்கு விடை கிடைக்கவில்லை. வடக்கிலே கணவனைத் தேடும் தமிழ்ப் பெண்ணும், மாத்தளையிலே மகனைத் தேடும் சிங்களத் தாயும் ஒரே கேள்வியையே கேட்கின்றனர். ஆயுதக் களைவு என்பது செனீவாவின் குளிர்ந்த மண்டபங்களுக்கு உரிய விடயம் என்று எண்ணுவோர், இவ்விருவரின் முகத்தையும் ஒருகணம் பார்க்கவேண்டும்.

உலகுக்கு உபதேசித்த நாம் நம் கடமையைத் தாமதித்தே செய்தோம். ஆள்கொல்லிக் கண்ணிவெடிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை 1997இல் எழுந்தது. போர் முடிந்து எட்டாண்டுகளின் பின்னர், 2017 திசம்பரிலேதான் இலங்கை அதிற் சேர்ந்தது. கொத்துக்குண்டுத் தடை உடன்படிக்கையில் 2018இற் சேர்ந்தது. வன்னி நிலத்தில் முழந்தாளிட்டு, அங்குலம் அங்குலமாய் மண்ணைத் துழாவிக் கண்ணிவெடி அகற்றும் பெண்கள், போரிற் குடும்பத் தலைவரை இழந்து கூலிக்காக அந்த ஆபத்தை ஏற்றவர் பலர். எந்த உடன்படிக்கையிலும் அவர்களின் பெயர் இல்லை. ஆயினும் ஆயுதக் களைவை அதன் நேர்ப் பொருளிற் செய்து முடிப்பவர்கள் அவர்களே.

தனபால 2006இல் ஐக்கிய நாடுகள் சபையின் செயலாளர் நாயகம் பதவிக்குப் போட்டியிட்டு, இடையில் விலகிக்கொண்டார். 2007 முதல் பத்தாண்டுகள், அணுவாயுத ஒழிப்புக்காக விஞ்ஞானிகள் தொடங்கிய பக்வாஷ் இயக்கத்தின் தலைவராயிருந்தார். 2023 மே 27இல் கண்டியிற் காலமானார். அவர் மறைந்த இரண்டு மாதத்துள், 1996இற் கையொப்பமிட்டு 27 ஆண்டுகள் கிடப்பிற் போட்டிருந்த அணுப் பரிசோதனைத் தடை உடன்படிக்கையை இலங்கை உறுதிப்படுத்தியது. அவ்வாண்டு செப்ரெம்பரில், அணுவாயுதங்களை முற்றாகத் தடைசெய்யும் புதிய உடன்படிக்கையிலும் சேர்ந்தது. அப்புதிய உடன்படிக்கை வல்லரசுகளுக்கு எவ்வித விலக்கும் அளிக்கவில்லை. உள்ளவன், இல்லாதவன் என்ற பாகுபாடு அதில் இல்லை. வல்லரசுகள் அதனைப் புறக்கணிக்கின்றன என்பது மெய். ஆனால் 1995இன் உறுதியை அவை மீறியதே இதனைப் பிறப்பித்தது என்பதும் மெய்.

தொடக்கத்திற் கேட்ட கேள்விக்கு இங்கே ஓரளவு விடை உண்டு. அந்த உறுதிக்குப் பிஸ்கால் எவரும் இல்லை. அறவிட வேண்டியவர்கள், அதனைப் பெற்றுக்கொண்ட மக்களே. அதற்கு நன்றாகப் படித்த, பல மொழிகள் கற்ற, எந்தச் சொல்லில் எந்தச் சூது ஒளிந்திருக்கிறது என்று காணவல்ல உத்தியோகத்தர்கள் வேண்டும். அவர்கள் கண்டி, கொழும்புப் பெருங்கல்லூரிகளிலிருந்து மட்டும் வந்தாற் போதாது. இரத்தோட்டையிலும் உக்குவளையிலும் தோட்டப் பாடசாலைகளிற் படிக்கும் பிள்ளைகளும், வன்னியிலே வெடி புதைந்த நிலத்தைச் சுற்றி நடந்து பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளும் அந்த ஆசனங்களுக்கு வரவேண்டும். துப்பாக்கி வரி கட்டியவனின் பேரனும் நாடற்றவனாக்கப்பட்டவனின் பேத்தியும் பேரம்பேச அமரும் நாளில், ஆறாவது பிரிவின் நிலுவைக் கணக்கை வல்லரசுகளிடம் இன்னும் உரத்த குரலிற் கேட்க முடியும்.